தூண்டில் போடக் கற்றுக் கொடுங்கள்!

சித்திரை மாதம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாயிற்று.

தியாகதுருகம் மலைக்கோட்டையின் மேல் வெயில் ஏறிக்கொண்டு இருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு பையன் நிற்கிறான். கையில் மூங்கில் கழி. கழியின் நுனியில் நரம்பு. நரம்பில் ஒரு தக்கை.

பையன் தூண்டிலைத் தண்ணீரில் போடுகிறான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறான். புழு அப்படியே இருக்கிறது. மறுபடியும் போடுகிறான். மறுபடியும் இழுக்கிறான். இடம் மாறுகிறான். கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிகிறான்.

ஒரு மணி நேரத்தில் அவனுக்கு அலுத்துவிடுகிறது. "இந்த ஏரியில் மீனே இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

ஏரியில் மீன் இருக்கிறது. அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை!

அவனுடைய தாத்தாவுக்குத் தூண்டில் போடத் தெரியும். அப்பாவுக்கு அரைகுறையாகத் தெரியும். பையனுக்குத் தெரியாது. மூன்று தலைமுறையில் ஒரு கைவேலை கரைந்து போய்விட்டது.

போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. தூண்டில் போடத் தெரிந்த பிள்ளைக்கு ஏரி தெரியும். ஏரியைத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு அந்த ஏரியைக் காப்பாற்றுவான். ஆகவே, இந்தக் கோடையில் பெற்றோர்கள் செய்ய வேண்டிய நல்ல வேலைகளில் ஒன்று, பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போவது.

பிள்ளை என்றால் பையன் மட்டும் அல்ல. பெண் குழந்தையும்தான்.

அமெரிக்காவின் "பாஸ்"

உலகத்தில் தூண்டில் பிரியர்கள் அதிகமாகத் தேடும் மீன்களில் ஒன்று "பாஸ்". அகன்ற வாய் உடைய மீன். அமெரிக்காவின் ஏரிகளில் இருக்கிறது.

1932-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற 20 வயது வாலிபர் ஒரு பாஸ் மீனைப் பிடித்தார். அதன் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது, சுமார் 10 கிலோ! அது உலக சாதனை ஆயிற்று.

அந்த மீனை என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார். குடும்பத்தார் சமைத்துச் சாப்பிட்டார்கள். அவர் ஏழைக் குடியானவர்.

77 ஆண்டுகள் கழித்து, 2009-ம் ஆண்டில்தான் அதற்குச் சமமான மீன் கிடைத்தது. ஜப்பானில் உள்ள பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அதைப் பிடித்தார்.

அமெரிக்க மீன் ஜப்பானுக்கு எப்படிப் போனது? 1925-ம் ஆண்டில் கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார்கள். பிறகு அது பல ஏரிகளுக்குப் பரவியது. உள்ளூர் மீன்களை விழுங்கியது. கடைசியில் ஜப்பான் அரசாங்கம் சட்டம் போட்டது. 2005-ம் ஆண்டு முதல் அந்த மீனை வளர்க்கக் கூடாது; உயிரோடு கொண்டுபோகக் கூடாது; வேறு தண்ணீரில் விடவும் கூடாது.

இந்தப் பாடம் நமக்கும் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

நம்முடைய விரால்

பாஸ் மீனைத் தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியது இல்லை. அதற்கு ஈடான மீன் நம் ஏரியிலேயே இருக்கிறது. அதுதான் விரால்!

பாஸ் மீன் எப்படிப் பாசி ஓரத்தில் பதுங்கி இருந்து பாயுமோ, அப்படியே விராலும் பாயும். தவளை, சின்னக் கெண்டை, பூச்சி எல்லாம் அதற்கு இரை. தலை பாம்பின் தலைபோல் இருக்கும். உடம்பு உருண்டு நீண்டு இருக்கும். ஒன்று, இரண்டு கிலோ விரால் சாதாரணம். மூன்று அடி நீளம் வளர்ந்த விராலும் உண்டு.

விராலின் ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. முள் குறைவு. சதை கெட்டி. சந்தையில் அதற்கு எப்போதும் நல்ல விலை உண்டு. தெலங்கானா அரசாங்கம் விராலைத் தன் மாநில மீனாக வைத்திருக்கிறது. மலேசியாவில் இதற்கு "ஹருவான்" என்று பெயர். காயம் பட்டவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் அங்கே விரால் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு.

விராலுக்கு இன்னொரு அதிசயம் உண்டு. அது தண்ணீரில் உள்ள காற்றை மட்டும் நம்பி வாழ்வது இல்லை. மேலே வந்து, வெளிக்காற்றையும் இழுத்துக்கொள்ளும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புகுந்து கிடக்கும். அதனால்தான் மற்ற மீன்கள் செத்து மிதக்கும் கோடையிலும் விரால் பிழைத்துக்கொள்கிறது.

வெயிலில் மீன் என்ன செய்யும்?

தூண்டில் போடக் கற்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். சூட்டில் மீனுக்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். தண்ணீரிலோ குறைவாக இருக்கும். என்ன செய்யும், பாவம்!

நடுப்பகலில் மீன் நிழலைத் தேடிப் போகும். ஆழத்துக்குப் போகும். அல்லி இலைக்கு அடியில் ஒதுங்கும். அப்போது இரையை மூக்குக்கு நேரே நீட்டினாலும் பல மீன்கள் திரும்பிப் பாரா.

ஆகவே, பகல் 11 மணிக்குத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனால் வெயில்தான் கிடைக்கும். மீன் கிடைக்காது.

சூரியன் கிளம்பியதும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நல்ல நேரம். மாலையில் வெயில் தாழ்ந்து, இருட்டுவதற்கு முந்திய ஒன்றரை மணி நேரமும் நல்ல நேரம். மேகம் மூடிய நாளில் இன்னும் சிறிது நேரம் இருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். விடியற்காலையில் சில குட்டைகளில் கெண்டை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "ஆகா, எவ்வளவு மீன்!" என்று புதியவர்கள் குதிப்பார்கள். அது பசி அல்ல, மூச்சுத் திணறல். இரவில் பாசியும் செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. விடிவதற்கு முன்புதான் அது மிகவும் குறைவாக இருக்கும். திணறுகிற மீன் இரை தின்னாது. அங்கே தூண்டில் போடுவது வீண். ஊர்ப் பெரியவர்களிடமோ, குத்தகைக்காரரிடமோ போய்ச் சொல்லுங்கள். புதுத் தண்ணீர் பாய்ச்சினால் அந்த மீன்கள் பிழைக்கலாம்.

எந்த இடம்?

ஏரி முழுவதும் மீன் பரவி இருக்காது. வீட்டில் மனிதர்கள் எப்படிச் சமையல் அறையிலும் திண்ணையிலும் கூடுகிறார்களோ, அப்படியே மீனுக்கும் சில இடங்கள் உண்டு.

கரை ஓரத்துக் கோரைப் புல், அல்லி படர்ந்த இடம், தண்ணீருக்குள் சாய்ந்த கருவேல மரம், மதகை ஒட்டிய ஆழம், வாய்க்கால் வந்து விழும் முகம் ஆகியவை நல்ல இடங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ, அந்தக் கரையும் நல்லது. அலை அடித்து அடித்து, அங்கே தண்ணீரில் காற்று கலந்து இருக்கும்.

கரையில் நிற்கும்போது நிழல் தண்ணீரில் விழக் கூடாது. காலை வெயில் முதுகில் பட்டால் நிழல் முன்னால் விழும். மீன் ஓடிவிடும். சற்றுப் பக்கவாட்டில் உட்கார வேண்டும்.

சத்தம் போடக் கூடாது. பேச்சைவிடக் காலடி ஓசைதான் மீனுக்கு அதிகமாகக் கேட்கும். கரையில் திம் திம் என்று நடந்தால் மண் வழியே அதிர்ச்சி தண்ணீருக்குப் போய்விடும். கொக்கைப் பாருங்கள். அது கால் எடுத்து வைப்பதே தெரிவது இல்லை!

என்ன சாமான் வேண்டும்?

பெரிய செலவு இல்லை. ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு நீளம் உள்ள மூங்கில் கழி. அதே நீளத்துக்கு நைலான் நரம்பு. ஒரு சிறிய தூண்டில் முள். முள்ளுக்கு ஒரு சாண் மேலே கடுகைவிடச் சற்றுப் பெரிய ஈயக்குண்டு. அதற்கு மேலே தக்கை.

தக்கையைக் கடையில் வாங்க வேண்டும் என்பது இல்லை. மயிலிறகின் தண்டு போதும். பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டினாலும் போதும்.

மண்புழு நல்ல இரை. மாட்டுத் தொழுவத்து ஓரத்தில் ஈர மண்ணைக் கிளறினால் கிடைக்கும். மண்புழு பிடிக்காதவர்கள் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி மாட்டலாம். கெண்டையும் ஜிலேபியும் மாவை விரும்பித் தின்னும்.

விராலுக்கு உயிர்த் தவளையை மாட்டுவது பழைய வழக்கம். அது வேண்டாம். தவளை வயல் பூச்சியைத் தின்னும் நண்பன். 1987-ம் ஆண்டில் தவளைக்கால் ஏற்றுமதியையே இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. இப்போது ரப்பர் தவளை கடையில் விற்கிறது. அதை அல்லி இலைமேல் போட்டு, மெள்ள மெள்ள இழுத்தால் விரால் நிஜத் தவளை என்று நினைத்துப் பாயும்.

முதல் பாடம் ஜிலேபி

கற்றுக்கொள்பவர்கள் முதல் நாளே விராலுக்கு ஆசைப்படக் கூடாது. சைக்கிள் கற்பவன் முதல் நாளே மலைப்பாதையில் ஏறுவானா?

முதலில் ஜிலேபி மீன். அது எங்கும் இருக்கிறது. எளிதில் கடிக்கும். அது நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952-ம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் வெகு வேகமாகப் பெருகிவிட்டது. பல ஏரிகளில் நம் நாட்டு மீன்களுக்கு இடம் இல்லாமல் செய்துவிட்டது. ஆகவே பிள்ளைகள் ஜிலேபியைப் பிடிப்பது ஏரிக்கும் நல்லது, குழம்புக்கும் நல்லது!

தக்கை லேசாக ஆடும். உடனே இழுக்கக் கூடாது. மீன் இரையை முகர்ந்து பார்க்கிறது, கொத்திப் பார்க்கிறது. தக்கை சாய்ந்து, ஒரு பக்கமாக நகரும். அல்லது தண்ணீருக்குள் முழுகும். அப்போதுதான் இழுக்க வேண்டும். முழங்கையை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கினால் போதும். பலம் கொண்ட மட்டும் இழுத்தால் மீனின் வாய் கிழியும். மீன் போய்விடும்.

இந்த ஒரு பாடத்துக்காகவே பிள்ளைகளுக்குத் தூண்டில் கற்றுக் கொடுக்கலாம். ஆடினதும் இழுக்காதே, முழுகும்வரை பொறு. பிள்ளைகளுக்கு இன்று இதைச் சொல்லிக் கொடுப்பவர் யார்? கைப்பேசியில் விரலால் தொட்டால் படம் ஓடுகிறது. தொடத் தொடப் புதுப் படம் வருகிறது. காத்திருப்பது என்றால் என்ன என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று வீட்டில் நூறு தடவை சொல்வதைவிட, ஏரிக்கரையில் ஒரு தக்கை நன்றாகச் சொல்லிவிடும்.

பிடித்த மீனைக் கையாளவும் கற்றுக் கொடுக்க வேண்டும். ஜிலேபியின் முதுகில் முள் வரிசை உண்டு. தலைப் பக்கத்தில் இருந்து வாலை நோக்கித் தடவிப் பிடித்தால் முள் படிந்துவிடும். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள். பக்கத்துக்கு ஒரு முள். தேளி மீனின் முள் விஷ முள். குத்தினால் கடுகடு என்று வலிக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, பிறகு டாக்டரிடம் காட்ட வேண்டும். தூண்டில் முள் விரலில் ஆழமாக ஏறிவிட்டால் பிய்த்து இழுக்கக் கூடாது. அதற்கும் டாக்டர்தான்.

அரசர்களும் கலெக்டர்களும்

தூண்டில் போடுவது வேலை இல்லாதவர்களின் வேலை என்று சிலர் சொல்வார்கள்.

சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12-ம் நூற்றாண்டில் "மானசோல்லாசம்" என்ற நூலை வடமொழியில் செய்தார். அரசர்களின் பொழுதுபோக்குகளைச் சொல்லும்போது, தூண்டில் போடுவதற்கும் அதில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். எந்த மீனுக்கு எந்த இரை என்பதுகூட அதில் இருக்கிறது. நாடு ஆண்ட மன்னருக்கு அது பாடம் எழுதத் தகுந்த கலையாகத் தெரிந்தது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் எச். எஸ். தாமஸ் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார். 1873-ம் ஆண்டில் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதோடு விடவில்லை. 1887-ம் ஆண்டில் குளத்திலும் ஏரியிலும் மீன் பிடிப்பதற்கு என்றே தனியாக ஒரு புத்தகம் எழுதினார்!

கடல் கடந்து வந்தவர் நம் ஏரியைக் கூர்ந்து பார்த்து எழுதினார். ஏரிக்கரையிலேயே பிறந்த நாம் அதைத் திரும்பிப் பார்ப்பது இல்லை.

தாய் விரால்

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம்.

ஏரி ஓரத்தில் சில சமயம் தண்ணீரின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் தெரியும். பூ உதிர்ந்து மிதப்பது போல இருக்கும். உற்றுப் பார்த்தால் அது அசையும். அதுதான் விரால் பார்ப்பு. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து மூச்சு எடுக்கும். ஒன்றாகக் கீழே போகும்.

அந்தக் கூட்டத்துக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சுகள் தாமாகப் பிழைக்கத் தெரிந்துகொள்ளும்வரை விட்டுப் பிரியாது. யார் கிட்டே வந்தாலும் பாயும். பாம்பு வந்தாலும் பாயும்; தவளை வந்தாலும் பாயும்.

தூண்டில்காரர்களுக்கு இது தெரியும். பார்ப்புக் கூட்டத்தின் நடுவில் ரப்பர் தவளையைப் போடுவார்கள். பசி இல்லாத விராலும் பாய்ந்து கடிக்கும். அது இரைக்காகக் கடிக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றக் கடிக்கிறது!

அந்த விராலைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும்? காவல் போய்விடும். கெளுத்தியும் குறவையும் தண்ணீர்ப் பாம்பும் சூழ்ந்துகொள்ளும். அன்று மாலைக்குள் அந்தக் கூட்டம் கரைந்துவிடும். ஒரு விரால் சட்டிக்கு வரும். ஆயிரம் விரால் ஏரியில் இல்லாமல் போகும்.

"அந்தக் காலத்தில் எவ்வளவு விரால் இருந்தது! இப்போது ஏரியில் விராலே இல்லை" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஏரி சுருங்கியது ஒரு காரணம். பூச்சி மருந்து கலந்தது ஒரு காரணம். இதுவும் ஒரு காரணம் அல்லவா?

கோடை மழை பெய்து புதுத் தண்ணீர் வரும்போது, மீன்கள் வாய்க்காலில் எதிரேறி வரும். வயிறு நிறைய முட்டை இருக்கும். அப்போது வாய்க்காலை மறித்துச் சாக்கால் அள்ளுவதும் இதே பாவம்தான்.

நாகப்பட்டினத்து அதிபத்த நாயனாரின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் மீனவர். தினமும் கிடைக்கும் மீனில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலில் விட்டுவிடுவார். ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும் அதை விட்டுவிட்டுப் பட்டினியோடு வீட்டுக்குப் போனார். பிடிப்பவனுக்கு விடவும் தெரிய வேண்டும் என்பதை மீனவர் குலத்துப் பெரியவரே வாழ்ந்து காட்டினார்.

நாயனார் அளவுக்கு நம்மால் முடியாது. தாய் விராலை விடலாம். கைச்சாண் அளவுகூட இல்லாத குட்டி விராலை விடலாம். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை மெள்ளக் கழற்றி, தண்ணீருக்குள் வைத்து விட வேண்டும். கரையில் இருந்து தூக்கி எறியக் கூடாது.

கேட்டுப் போட வேண்டும்

ஏரி பொதுச்சொத்துத்தான். ஆனால், ஏரி மீன் பல ஊர்களில் குத்தகைக்கு விடப்பட்டு இருக்கும். குத்தகைக்காரர் பணம் கட்டி, மீன்குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் அது திருட்டு.

கேட்டால் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். "அண்ணே, பையனுக்குக் கற்றுக் கொடுக்கிறேன். நாலு ஜிலேபி பிடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுச் செய்வது எப்படி என்பதைப் பையனும் பார்த்துக்கொள்வான்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணைக்கும் மணிமுத்தா அணைக்கும் வந்து சேருகிறது. கோமுகி அணையின் நீர்மட்டம் 46 அடி. மணிமுத்தா அணையின் நீர்மட்டம் 36 அடி. அணைக்குப் போகிறவர்கள் அங்கே உள்ள அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டும். தடை என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிட வேண்டும்.

வெடி போடுவதும், தண்ணீரில் விஷம் கலப்பதும் கொடிய குற்றம். 1897-ம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். தூண்டில் ஒரு மீனைப் பிடிக்கும். வெடி குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் கொல்லும். மின்சாரக் கம்பியைத் தண்ணீரில் விடுகிறவர்களோ, மீனோடு சேர்ந்து தாங்களும் சாகிறார்கள்.

ஜப்பானின் பாடத்தையும் மறக்கக் கூடாது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த வெளிநாட்டு மீன் அலுத்துவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. பெருத்த வயிறு உள்ள அந்த மீன் ஓர் ஏரியில் புகுந்தால் நம் அயிரையும் கெண்டையும் கதையாகிவிடும்.

தனியாக அனுப்பாதீர்கள்!

கோடை விடுமுறை வந்தால் பத்திரிகைகளில் ஒரு சோகச் செய்தி தவறாமல் வருகிறது. குளிக்கப் போன சிறுவர்கள் ஏரியில் மூழ்கினார்கள் என்ற செய்திதான் அது.

வெளிப்பார்வைக்கு ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் தெரியும். ஆனால், மண் எடுத்த பள்ளம் தண்ணீருக்கு அடியில் கிணறுபோல் இருக்கும். கால் வைத்ததும் ஆளை விழுங்கிவிடும். ஒரு பிள்ளை விழுந்ததும், காப்பாற்ற இன்னொரு பிள்ளை குதிக்கிறது. இரண்டும் போகின்றன.

ஆகவே பிள்ளைகளைத் தனியாக அனுப்பக் கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முள் சிக்கிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட வேண்டும். ஐந்து ரூபாய் முள்ளுக்காகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. தூண்டில் பழக்கும் அப்பா நீச்சலையும் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது.

கோடையில் மாலை நேரத்து இடிமழை திடீர் என்று வரும். இடி முழக்கம் கேட்டதும் கழியைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும். வெட்டவெளியில் கழியோடு நிற்பவர்மேல் மின்னல் பாயலாம். பனைமரத்தின் அடியில் ஒதுங்கவும் கூடாது. ஓட்டு வீட்டுக்கோ, மாடி வீட்டுக்கோ போய்விட வேண்டும்.

தலைக்குத் துண்டு, குடிக்கத் தண்ணீர் இரண்டும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வரவும் வேண்டாம். கொக்கின் காலிலும் நாரையின் கழுத்திலும் அது சுற்றிக்கொள்ளும். சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும்.

ஏரிக்கு யார் சொந்தம்?

"கிலோ கணக்கில் மீன் கடையில் கிடைக்கிறது. எதற்கு இந்த வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு.

மீனுக்காக மட்டும் அல்ல.

கடையில் மீன் வாங்கும் பிள்ளைக்கு ஏரி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியது இல்லை. தூண்டில் போடும் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். மதகு எது, வாய்க்கால் எது, தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம் என்று தெரியும். குப்பை கொட்டினால் முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். வாய்க்காலை யாராவது அடைத்தால் முதலில் கேட்பவனும் அவன்தான். ஏன் என்றால், அது அவனுடைய ஏரி.

உயிரைக் கொல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மீன் தின்னாதவர்களின் எண்ணத்தை மதிக்க வேண்டும். ஆனால், மீன் தின்னும் குடும்பத்துப் பிள்ளை, சட்டியில் இருப்பது ஓர் உயிர் என்பதை அறிந்து தின்னட்டும். தன் கையால் பிடித்த பிள்ளை அதை வீணாக்க மாட்டான். வேண்டிய அளவுக்கு எடுப்பான். மற்றதை விடுவான்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் வலையுமாகக் கூட்டம் தண்ணீரில் இறங்கும். அன்று ஊர் முழுவதும் மீன்குழம்பு மணக்கும். தண்ணீர் ஊருக்குப் பொது, அதில் உள்ள மீனும் ஊருக்குப் பொது என்பதை எடுத்துக் காட்டும் திருவிழா அது. அந்த எண்ணம் உள்ள ஊரில் ஏரியைத் தூர்க்க எவனுக்கும் துணிவு வராது.

தியாகதுருகத்துப் பையன் மீன் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான் அல்லவா? நாளைக் காலையில் அவனுடைய தாத்தா அவனை எழுப்பட்டும். மண்புழு தோண்டக் கற்றுக் கொடுக்கட்டும். கோரைப் புல் ஓரத்தில் உட்கார வைக்கட்டும். "ஆடட்டும், இழுக்காதே. முழுகட்டும்" என்று காதோடு சொல்லட்டும்.

தக்கை முழுகும். பையன் இழுப்பான். உள்ளங்கை அளவு ஜிலேபி ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டு வெளியே வரும்.

அதற்குப் பிறகு அந்த ஏரியை யாராவது பாழாக்க வந்தால், அவன் சும்மா இருப்பானா?